கியோத்தோ சுருள் ஓவியப் பட்டறை: என் அனுபவம்

தோஜி கோயில் வளாகத்தில் மாதந்தோறும் 21ஆம் தேதி கூடும் சந்தையில் 9,000 யென்னுக்கு வாங்கிய மலைக்காட்சிச் சுருள் ஓவியம் ஒன்றை, கியோத்தோவில் தந்தையும் மகளும் நடத்தும் சிறிய பட்டறையில் மதிப்பீட்டுக்கும் பழுதுபார்ப்புக்கும் கொடுத்திருந்தேன். ஐந்து மாதம் கழித்து அது கைக்கு வந்திருக்கிறது.

ஓவியத்தின் ஓரத்தில் புகழ்பெற்ற ஜப்பானிய மை ஓவியர் சேஷ்ஷூவின் பெயரும் சிவப்பு முத்திரையும் இருந்தன. 1420இல் பிறந்த அந்தத் துறவியின் பெயரில் போலிகள் ஏராளம் என்று தெரிந்தும், உள்ளூர ஓர் ஆசை இருக்கத்தான் செய்தது. பெரியவர் கையொப்பத்தின் பக்கமே முதலில் போகவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை மைக்கோட்டின் மேல் வைத்து அச்சுப்புள்ளிகள் இருக்கின்றனவா என்று தேடினார், இல்லை. மை தாளின் இழைகளுக்குள் கசிந்து இறங்கியிருப்பதையும், தூரத்து மலையின் வெளிறிய பூச்சு காய்வதற்குள் அதன்மேல் அடர்ந்த மை விழுந்து பரவியிருப்பதையும் என்னையும் பார்க்கச் சொன்னார். கையால் வரைந்ததுதான். ஆனால் பாறைகளின் விளிம்புக்கோடுகள் தயங்கித் தயங்கிச் செல்வதைக் காட்டி, பிற்காலத்தவர் ஒருவர் அந்தப் பாணியைப் பார்த்து வரைந்தது என்றார். பெரிய விலை போகாது, ஆனாலும் காப்பாற்றத் தகுந்த ஓவியம் என்று அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னதால்தான் நம்பி ஒப்படைத்தேன்.

இதற்கு முன் நான் விசாரித்த வேறொரு கடையில் பழுப்புப் புள்ளிகளை மருந்திட்டு முழுக்க வெளுத்துத் தருவதாகச் சொன்னார்கள். இவர்கள் அதற்கு உடன்படவில்லை. கடுமையான வெளுப்பு மருந்து தாளின் இழையை நலியச் செய்யும் என்பதால், தூய நீரால் நனைத்து, கரையும் அழுக்கை உறிஞ்சுதாளில் இறக்கினார்கள். புள்ளிகள் மங்கலாக இன்னும் தெரிகின்றன; எனக்கு அதில் குறையில்லை.

பின்புறம் மீனோ, உடா என்ற ஜப்பானியக் கைத்தாள்களில் முன்னதில் தொடங்கிப் பின்னதில் முடியும் புதிய அடுக்குகளை ஒட்டியிருக்கிறார்கள். உள்ளடுக்குகளுக்குப் பயன்படுவது, கோதுமை மாவுச்சத்துப் பசையைப் பத்தாண்டு அளவுக்கு ஜாடியில் புளிக்கவிட்டு எடுக்கும் பழம்பசை. அதன் பிடிப்பு வேண்டுமென்றே பலவீனமானது: சுருள் விறைக்காமல் சுருளவும், நூறாண்டு கழித்து இன்னொருவர் நீரால் நனைத்துப் பிரிக்கவும் அதுவே வழிவிடுகிறது. பிடிப்பு குறைவு என்பதால், கனத்த தூரிகையால் தாளின் முதுகைத் தட்டித் தட்டி இழையோடு இழை பிணைக்க வேண்டும். மகள் அதைச் செய்வதை அரைமணி நேரம் நின்று பார்த்தேன். தட்டும் ஒலி ஒருமுறைகூடத் தாளம் தப்பவில்லை.

குறைகளும் உண்டு. மூன்று மாதம் என்றவர்கள் தாமதத்தை நானாகக் கேட்கும்வரை தெரிவிக்கவில்லை. 85,000 யென் கட்டணம் ஓவியத்தின் விலைக்குப் பல மடங்கு. பட்டுக்கரையின் நிறம் நான் தேர்ந்த மாதிரியைவிடச் சற்று அடர்த்தி.

பராமரிப்பை அவர்கள் சொல்லிக் கொடுத்த விதம் அருமை. ஓரிரு வாரத்துக்கு மேல் தொங்கவிடக் கூடாது. நேர் வெயிலும் ஏசி காற்றும் படும் சுவர் ஆகாது. மழைக்காலத்தில் பெட்டியைத் திறக்காமல், வறண்ட இலையுதிர்கால நாளில் காற்றாட விரிக்க வேண்டும். குறுக்கு மடிப்புகள் மீண்டும் விழாதிருக்க உருளையின் மேல் பொருத்தும் தடித்த மர உறையும், கிரி எனப்படும் பவுலோனியா மரத்தாலான பெட்டியும் கட்டணத்திலேயே அடக்கம். கழற்றிய பழைய உருளை முனைகளையும் தனி உறையிலிட்டுப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.