‘எஃகைவிட உறுதி’ என்று போட்ட வாழைநார்க் கயிறு: மூன்று மாதம் கட்டிப் பார்த்த கதை

பொட்டலத்தின் மேல் கொட்டை எழுத்தில் ‘எஃகைவிட உறுதி’ என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்று புரி, 6 மில்லிமீட்டர் தடிமன், 10 மீட்டர் நீளம். தார் வெட்டிய பிறகு வீணாகக் கிடக்கும் வாழைமரத்தின் பட்டையிலிருந்து உரித்த நார். தொட்டதும் பிடித்துப்போனது: வைக்கோல் நிறம், லேசான மினுமினுப்பு, தேங்காய்நார்க் கயிறு மாதிரி உள்ளங்கையைக் குத்துவதும் இல்லை.

அந்த எஃகு விஷயம் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. தனி இழையாக இழுத்துப் பார்த்தால் நல்ல வாழைநார் 500 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும், அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டில் 50 கிலோவைத் தொங்கவிடலாம். சாதாரண மென்னெஃகு 400 சொச்சத்தில் அறுந்துவிடும், எடையோ வாழைநாரைப் போல ஆறு மடங்கு. இந்தக் கணக்கில், கயிற்றில் பாதி இடம் காற்று என்று கழித்தாலும் என் கயிறு 700 கிலோ தாங்க வேண்டும். கிட்டக்கூட வராது. கயிற்றில் இருப்பது ஒரே நீள இழை இல்லையே, முறுக்கை நம்பி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் துண்டு நார்கள்தானே. பாரம் ஏறும்போது எல்லாம் ஒரே நேரத்தில் இறுகுவதில்லை, முதலில் இறுகினது முதலில் அறும், அதன் சுமை பக்கத்து நார் தலையில் விழும். நார்களும் ஒரே மாதிரி இல்லை, வெளிப்பட்டையில் உரித்தது முரடு, உள்பட்டையில் உரித்தது மெல்லிசு. இந்தக் கயிற்றில் இரண்டையும் கலந்தே திரித்திருக்கிறார்கள், பிரித்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரிகிறது.

சரி, நான் செய்த சோதனை. 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டைச் சேர்த்துக் கட்டி ஒரு ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டேன். காலையில் பார்த்தால் வாழைநார் கட்டியபடியே நின்றது, பக்கத்தில் அதே பாரத்தைச் சுமந்த தேங்காய்நார்க் கயிறு நன்றாகத் தொய்ந்திருந்தது. அப்புறம் இரண்டு பாரத்தையும் ஒரு அடி தூக்கிச் சட்டென்று கீழே விட்டேன். வாழைநார் ‘டப்’பென்று அறுந்தது, அதுவும் சரியாக முடிச்சு போட்ட இடத்தில்! தேங்காய்நார் ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு அப்படியே நின்றது. காரணம் நாருக்கு உள்ளே இருக்கிறது. நாருக்குப் பலம் தரும் செல்லுலோஸ் நுண்ணிழைகள் வாழைநாரில் நீளவாக்கில் ஏறக்குறைய நேராக ஓடுகின்றன, சாய்வு சுமார் 11 டிகிரிதான்; தேங்காய்நாரில் 40 டிகிரியை ஒட்டிச் சாய்ந்து ஸ்பிரிங் மாதிரி சுற்றியிருக்கும். அதனால் இழுவை பலத்தில் தேங்காய்நார் வாழைநாரின் பாதிகூட வராது, ஆனால் அறுவதற்கு முன் 15 சதவீதத்துக்கும் மேல் நீளும். வாழைநார் நீளாது, வெடுக்கென்று போய்விடும்.

ஈரம் இன்னொரு தலைவலி. அறுந்ததில் ஒரு துண்டை வெளியே பூந்தொட்டி மாட்ட வைத்திருந்தேன், இரண்டு மாத மழைக்குப் பிறகு முடிச்சுக்குள் கறுப்புப் புள்ளிகள், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. நல்லவேளை, தொட்டி கீழே விழுவதற்குள் பார்த்துவிட்டேன். தேங்காய்நாரில் லிக்னின், அதாவது நாரைச் சீக்கிரம் மட்கவிடாத மரத்தன்மைப் பொருள், 40 சதவீதத்துக்கு மேல், மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டே பிரித்தெடுக்கிற பொருள் அது, மழைக்கெல்லாம் அசையாது. வாழைநாரில் லிக்னின் மிகக் குறைவு. இதைப் பொட்டலத்தில் ஒரு வரி போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? வெட்டிய முனையும் உடனே பிரிகிறது, நூல் சுற்றிக் கட்டாவிட்டால் இரண்டே நாளில் துடைப்பம்தான்.

ஐந்துக்கு மூன்று தருகிறேன், அந்த எஃகு வசனத்தை எடுத்துவிட்டால் நாலு. வீட்டுக்குள் குலுங்காத பாரம் என்றால் தாராளமாக வாங்கலாம். மீதிக் கயிறு இப்போது பழைய செய்தித்தாள் கட்டுகளைச் சுற்றியிருக்கிறது, நைலான் கயிறு மாதிரி வழுக்காமல் முதல் முடிச்சிலேயே கப்பென்று பிடித்துக்கொள்கிறது.