டமியா மினி கூப்பர் 1275எஸ் ராலி: கட்டிச் சில வருடங்கள் கழித்து

மாடல் கிட் (பாகங்களை ஒட்டி, பெயின்ட் அடித்துக் கட்டும் சின்ன மாதிரி வண்டி) விமர்சனங்கள் பெரும்பாலும் பெட்டியைத் திறந்த அன்றே எழுதப்படுகின்றன. மிஞ்சிப் போனால் கட்டி முடித்த வாரத்தில். அந்த வாரத்தில் எந்த மாடலும் பளபளவென்றுதான் இருக்கும். பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) உள்வாங்குவது, குரோம் ஃபாயில் ஓரம் எழும்புவது, டயர் பிளாஸ்டிக்கை அரிப்பதெல்லாம் பிறகுதான் நடக்கும். என்னிடம் இருப்பது ஜப்பானிய மாடல் நிறுவனமான டமியாவின் 1/24 (அசலில் இருபத்து நான்கில் ஒரு பங்கு) மோரிஸ் மினி கூப்பர் 1275எஸ், 1967 மான்டே கார்லோ ராலியில் ஜெயித்த வண்டி. அலமாரியில் சில வருடம் இருந்துவிட்டது. எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) போட்டிப் பிரிவு ஆபிங்டனில் இருந்தது. அங்கே தயாரான மினிகள் 1964, 1965, 1967 என மூன்று முறை மான்டே கார்லோவை ஜெயித்தன. 1967இல் ஓட்டியவர் ஃபின்லாந்துக்காரர் ரௌனோ ஆல்டோனன், பக்கத்தில் வழி சொன்னவர் ஹென்றி லிட்டன். பதிவு எண் எல்பிஎல் 6டி, கதவில் 177. இரண்டாவதாக வந்த ஓவே ஆண்டர்சனின் லான்சியா ஃபுல்வியாவை முந்தியது பதினைந்து வினாடிக்கும் குறைவான வித்தியாசத்தில். அத்தனை பனிமலையும் ஏறி இறங்கி, கடைசியில் வித்தியாசம் அவ்வளவுதான்.

அசல் மினியின் நீளம் 3.05 மீட்டர். 1/24இல் 127 மில்லிமீட்டர், உள்ளங்கையில் அடங்கிவிடும். சக்கரம் அசலிலேயே 10 அங்குலம்தான், இங்கே 10.6 மில்லிமீட்டர். கிட்டின் அச்சு 1980களில் செய்தது. ஆனாலும் பாகங்கள் ஒன்றோடொன்று உட்காரும் விதத்தில் குறை சொல்ல எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. பிளாஸ்டிக்கை ஒட்டும் மெல்லிய சிமென்ட்டைப் பிரஷ்ஷில் தொட்டு இணைப்பில் வைத்தால் தானே ஓடிப் பிடித்துக்கொள்கிறது.

பாடியில் ஒரு விஷயத்தைப் புதியவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். கார் கிட் கட்டுபவர்கள் பாடியைக் கையில் எடுத்ததும் செய்யும் முதல் வேலை, அச்சு விட்ட கோடுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. மினியில் கண்ணை மூடிக்கொண்டு அப்படிச் செய்யக் கூடாது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்த வண்டியில் தகடுகளை வெல்டு செய்த மடிப்புகள் வெளிப்பக்கமாகவே துருத்திக்கொண்டிருக்கும். முன் கண்ணாடித் தூணுக்குக் கீழே ஒன்று, பின் விளக்கை ஒட்டி ஒன்று. அது அச்சுக் கோடு அல்ல, வண்டியின் முகவெட்டு. முதல் தலைமுறை மினியில் கதவுக் கீல்களும் வெளியேதான் இருக்கும், அவற்றையும் விட்டுவைக்க வேண்டும். அச்சுக் கோடு வேறு இடத்தில், முன் பின் வளைவுகளின் மேல் மெலிதாக ஓடும். விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இனி பெயின்ட். இந்த மாடலின் ஆயுள் முழுக்க இதில்தான் இருக்கிறது.

பிஎம்சி போட்டி வண்டிகளின் நிறம் டார்டன் ரெட், கூரை மட்டும் ஓல்டு இங்கிலிஷ் ஒயிட். இந்த வெள்ளை சுத்த வெள்ளை அல்ல, பாலாடை நிறம். டமியாவின் ஸ்ப்ரே பெயின்ட் வரிசையில் டிஎஸ்-26 பியூர் ஒயிட்டை அடித்தால் கூரை குளிர்பதனப் பெட்டி மாதிரி ஆகிவிடும், டிஎஸ்-7 ரேசிங் ஒயிட்தான் கிட்டே வருகிறது. சிவப்புக்குப் பலரும் டிஎஸ்-8 இத்தாலியன் ரெட் அடிக்கிறார்கள். என் கண்ணுக்கு டார்டன் ரெட் அதைவிடச் சற்று அடங்கிய சிவப்பு. சிவப்பு பெயின்ட் அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் ரகம். வெள்ளை பிரைமர் (முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) மேல் அடித்தால் கூவும், சாம்பல் மேல் அடித்தால் அடங்கும். நான் சாம்பல் பிரைமர் மேல் அதே டிஎஸ்-8ஐ மெல்லியதாகப் பல கோட் அடித்தேன். இன்றுவரை அந்த நிறம் எனக்குப் பிடித்திருக்கிறது.

எதை முதலில் அடிப்பது என்பதில் வாதமே கிடையாது. கூரையின் வெள்ளை முதலில், சிவப்பு பிறகு. சிவப்பு மேல் வெள்ளை அடித்தால் சிவப்பின் சாயம் மெதுவாக மேலே ஏறும். அடித்த அன்று தெரியாது, சில மாதம் கழித்துக் கூரை லேசாக இளஞ்சிவப்பாகும். மினியில் ஒரு சௌகரியம், கூரையைச் சுற்றி மழைநீர் ஓடும் விளிம்பு இருக்கிறது. மாஸ்கிங் டேப்பை அந்த விளிம்புக்குள் நகத்தால் அழுத்திவிட்டால் போதும், கோடு தானாக நேராக வந்துவிடும்.

கனத்தைப் பற்றி ஒரு கணக்கு. பெயின்ட் 0.1 மில்லிமீட்டர் ஏறினால், அசல் வண்டியில் அது 2.4 மில்லிமீட்டர் கனத்துக்குச் சமம். கதவு இடுக்குகளும் அந்த வெல்டு மடிப்புகளும் மழுங்கிப் போவது இதனால்தான். ஸ்ப்ரே டப்பாவிலிருந்து நேராக அடிப்பதைவிட, பெயின்ட்டை ஒரு கண்ணாடிக் குப்பியில் பீய்ச்சி இறக்கி, கேஸ் முழுக்கப் போகும்வரை திறந்து வைத்துவிட்டு ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் பேனா மாதிரியான கருவி) அடிப்பதே மேல். ஸ்ப்ரே டப்பா எரியக்கூடிய சரக்கு, விமானத் தபாலில் வராது. ஊர்க் கடையில் கண்ணில் பட்டால் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சென்னை மாதிரி ஊரில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் லாக்கர் (சீக்கிரம் உலரும் பெயின்ட், இந்த டிஎஸ் ஸ்ப்ரேக்கள் அந்த ரகம்தான்) அடிக்காமல் இருப்பதே உத்தமம். தின்னர் ஆவியாகும்போது பெயின்ட் பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து, பளபளப்பு வெண்மையாகப் பூத்துவிடும். அவசரம் என்றால் உலர்வைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கொஞ்சம் சேர்க்கலாம். அவசரம் என்ன வந்தது, சொல்லுங்கள்?

வருடங்கள் போனபின் பெயின்ட்டில் நான் பார்த்த ஒரே சரிவு, பட்டி போட்ட ஓர் இடத்தில். சுருங்கி முடிக்காத பட்டியின் மேல் பெயின்ட்டும் கிளியரும் (கடைசியாக அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு) ஏறிவிட்டால், பல மாதம் கழித்து அந்த இடம் மெல்ல உள்வாங்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டும் தெரிகிற நிழல் மாதிரி ஒன்று. பட்டியை வாரக்கணக்கில் விட்டுவைப்பதைத் தவிர இதற்கு மருந்தில்லை. கிளியர் கோட்டுக்கு டிஎஸ்-13 போதும். லாக்கர் கிளியர் நாளடைவில் மஞ்சளடிக்கும் என்பது உண்மைதான். இந்த வண்டியின் கூரை ஏற்கெனவே பாலாடை நிறம் என்பதால் மஞ்சளாகியிருக்கிறதா இல்லையா என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. சுத்த வெள்ளை வண்டி கட்டுகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர்கள் இரண்டு பாக யூரிதேன் கிளியருக்குப் போகலாம், ஆனால் அதைக் கெட்டியாக்கும் ஹார்டனரில் நுரையீரலுக்கு ஆபத்தான ஐசோசயனேட் இருக்கிறது. தூசுக்குப் போடும் துணி முகமூடி அதைத் தடுக்காது. ஆவியைத் தடுக்கும் கேட்ரிட்ஜ் வைத்த முகமூடி இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

டெக்கால் (எண், எழுத்துகளுக்குத் தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) பற்றிச் சுருக்கமாக. டிஎஸ்-13ஐ முதலிலேயே ஈரமாக அடித்தால் டெக்கால் சுருங்கிப் போகும். தூரத்தில் இருந்து தூவுகிற மாதிரி இரண்டு மூன்று கோட், பிறகுதான் ஈரக் கோட். பழைய கிட் வாங்கி டெக்கால் ஷீட் மஞ்சளாக இருந்தால், ஜிப் பையில் போட்டு வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் சில நாளில் பெருமளவு வெளுத்துவிடும். 177 எண்ணும் அதன் வட்டமும் என் வண்டியில் இன்னும் விரிசல் இல்லாமல் இருக்கின்றன, கிளியருக்கு அடியில் இருப்பதால்.

விளக்குகள்தான் இந்த வண்டியின் கதை. 1966 மான்டே கார்லோவில் மினிகள் முதல் மூன்று இடத்தையும் பிடித்தன. மாக்கினன், ஆல்டோனன், ஹாப்கிர்க். பிறகு பரிசோதனையில், ஒற்றை இழை அயோடின் பல்பு போட்ட முகப்பு விளக்குகள் விதிப்படி இல்லை என்று மூன்றையும் நீக்கிவிட்டு, பௌலி டொய்வோனனின் சித்ரோயனுக்குப் பரிசைக் கொடுத்தார்கள். நான் கட்டியது அதற்கு அடுத்த வருடமே திரும்பி வந்து ஜெயித்த வண்டி. அதனால் விளக்கில் கஞ்சத்தனம் செய்ய மனம் வரவில்லை. லென்ஸை ஒட்ட சூப்பர் க்ளூ கூடாது, அதன் ஆவி கண்ணாடிப் பாகத்தில் வெண்புகை படியவைக்கும். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசையில் ஒட்டினேன். சுத்தமாக இருந்தது, ஆனால் ஒரு மழைக்காலத்தில் பசை இளகி ஒரு லென்ஸ் கழன்று விழுந்தது. இப்போது கிளியர் கோட்டையே ஒரு சொட்டு வைத்து ஒட்டியிருக்கிறேன், அசையவில்லை.

ஜன்னல் ஓரங்களுக்கு ஒட்டும் உலோக ஃபாயில் போட்டேன். பார்ப்பதற்கு அதற்கு ஈடு கிடையாது. ஆனால் வளைவான மூலைகளில் ஓரம் எழும்பத் தொடங்கியிருக்கிறது. ஃபாயிலின் மேல் கிளியர் அடித்தால் நிற்கும், பளபளப்பு பாதி போய்விடும். குரோம் மை பேனாவால் வரைந்த இடங்கள் நிறம் மாறவில்லை, ஆனால் விரல் பட்டால் மங்குகிறது. இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் ஃபாயில்தான், தொடாத இடங்களில்.

டயர் விஷயம் யாரும் சொல்வதில்லை. மிருதுவான வினைல் டயர்களில் மிருதுத்தன்மைக்காகச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் மெல்லக் கசிந்து, கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரினை இளக்கும். பல கிட்களுக்கும் பொதுவான வியாதி இது. சக்கரத்தின் விளிம்புக்கு நன்றாக உலர்ந்த பெயின்ட் கோட் ஒன்று கட்டாயம். டயர் நிற்கும் தளத்தையும் மறக்கக் கூடாது. பெயின்ட் அடித்த தளத்தில் நாலு கறுப்பு வட்டம் விழுந்துவிடும். என் மாடல் ஒரு சின்னக் கண்ணாடித் தகட்டின் மேல் நிற்கிறது. பிரச்சினை இல்லை.

மான்டே கார்லோ வண்டி என்றால் சேறும் பனியும் பூச வேண்டும் என்று ஒரு கட்சி இருக்கிறது. எனக்கு ஒப்புதல் இல்லை. பளபளவென்று பாலிஷ் போட்ட சிவப்பின் மேல் பாஸ்டல் தூளை (வண்ணச் சுண்ணக்கட்டியின் பொடி) தேய்ப்பது உழைப்பை மூடி மறைப்பது. கதவுக்குக் கீழே மட்டும் சாம்பல் தூளை லேசாகத் தடவினேன், அதுவும் துடைக்கும்போது பாதி போய்விட்டது. தூள் போட்டால் அதன் மேல் பளபளப்பில்லாத மேட் கோட் அடித்து நிறுத்த வேண்டும். இல்லையென்றால் அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தொடவே கூடாது.

முதல் கார் கிட் வாங்குபவருக்கு இதைப் பரிந்துரைப்பேனா? பாடி சின்னது, இரண்டே நிறம், கூரை விளிம்பு மாஸ்கிங்குக்கு உதவுகிறது. ஆமாம், தாராளமாக. ஸ்ப்ரே டப்பா இரண்டு, கிளியர் ஒன்று, நல்ல மாஸ்கிங் டேப், 2000 கிரிட் உப்புத்தாள், பாலிஷ். ஏர்பிரஷ் அடுத்த வண்டிக்கு வாங்கிக்கொள்ளலாம். ஜன்னல் வெயில் நேராகப் படாத அலமாரியாகப் பார்த்து வைத்துவிடுங்கள்.