ஆட்டுனைட்டா, டோர்பர்னைட்டா? பண்டாரவளைக் காற்றுக்கு எது தாங்கும்

நிறத்துக்காக யுரேனியக் கனிமம் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கற்களுக்கு நடுவில்தான் தடுமாறுவார்கள்: மஞ்சள் ஆட்டுனைட், பச்சை டோர்பர்னைட். இரண்டிலும் எடையில் கிட்டத்தட்டப் பாதி யுரேனியம்தான். அதனால் கதிர்வீச்சைப் பார்த்து ஒன்றைத் தள்ளிவிட முடியாது. நான் எடுத்தது டோர்பர்னைட்.

புறஊதா டோர்ச் அடித்தால் ஆட்டுனைட்டுக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. இருட்டில் மஞ்சள் கலந்த பச்சையாகப் பளீரென்று ஒளிரும். டோர்பர்னைட்டில் உள்ள செம்பு அந்த ஒளிர்வை அடக்கிவிடும். ஆனால் பகலில் அதற்கு மரகதப் பச்சை கொடுப்பதும் அதே செம்புதான். நான் கல்லைப் பார்ப்பது பெரும்பாலும் பகலில்.

சரி, முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. இரண்டும் மெல்லிய தகடுகளாக அடுக்கிய கனிமங்கள். அடுக்குகளுக்கு இடையில் நீர் இருக்கிறது. காற்று காய்ந்தால் அந்த நீர் வெளியேறி, ஆட்டுனைட் மெட்டா ஆட்டுனைட்டாக மாறும். அப்புறம் தகடுகள் அப்பளம் போல நொறுங்கத் தொடங்கும். இலங்கை மலைநாட்டுப் பண்டாரவளையிலோ வருடக் கடைசியில் மழை, ஜூலை, ஆகஸ்டில் மலை தாண்டி வரும் வறண்ட காற்று. உதிரும் தூள்தான் ஆபத்து. யுரேனியம் விடும் ஆல்பா கதிர் வெளியிலிருந்து தோலைத் துளைக்காது. தூள் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கிவிடும்.

டோர்பர்னைட்டும் நீரை இழக்கும்தான். ஆனால் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி ஏற்கெனவே மெட்டாடோர்பர்னைட் ஆகிவிட்டது. இழக்க வேண்டியதை இழந்து ஓய்ந்த கல், அதனால் பெரிதாக மாறாது. என்னிடம் இருப்பது கொங்கோவின் முசோனோய் சுரங்கத்துக் கல். பெட்டிக்குள் இதுவரை தூள் கண்டதில்லை. ஆட்டுனைட்டுக்கு வார்னிஷ் பூசிக் காப்பாற்றுகிறவர்கள் உண்டு. தகடு நிற்கும், ஆனால் அந்த முத்து மினுக்கம் மங்கிவிடும் என்பதால் எனக்கு அதில் மனமில்லை. நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரத்தில் ஆட்டுனைட் கூடுதல் காலம் தாங்கலாம். அங்கே நான் வைத்துப் பார்த்ததில்லை.

எதை வாங்கினாலும், யுரேனியம் சிதைவதால் உண்டாகும் ரேடான் என்ற கதிரியக்க வாயு வரும். குளிருக்கு ஜன்னலைச் சாத்தி வைக்கும் நம் வீடுகளில், படுக்கையறையில் வைக்கவே கூடாது. என் கல் காற்றோட்டமான பின் விறாந்தை அலுமாரியில், பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் இருக்கிறது. தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவேன். வெளிநாட்டிலிருந்து தருவிக்க நினைத்தால் காசு கட்டுமுன் அணுசக்தி ஒழுங்குபடுத்தும் பேரவையிடம் கேட்டுவிடுங்கள்.

உள்ளூர்க் கல் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. ஆனந்த குமாரசுவாமி 1904இல் அறிமுகப்படுத்திய தோரியனைட் என்ற கதிரியக்கக் கனிமம் சப்ரகமுவ மாணிக்க மண்ணில் கிடைத்ததுதான். எனக்கு அதன் மேல் பெருமை உண்டு, ஆனால் கறுப்புக் கல். நிறம் தேடுகிறவருக்கு உதவாது. பச்சை வேண்டுமென்றால் 1953இல் எகலியகொடைப் பக்கம் கிடைத்த எக்கனைட் இருக்கிறது. அதில் தோரியம் என்ற இன்னொரு கதிரியக்கத் தனிமம் அதிகம், யுரேனியம் குறைவு. அவற்றின் கதிர்வீச்சே படிக அமைப்பைக் குலைத்துவிட்ட கல் அது. தகடுகள் உதிரும் தொல்லை இல்லை. பட்டை தீட்டிய ஒன்று நியாயமான விலைக்கு வந்தால் டோர்பர்னைட்டுக்குப் பக்கத்தில் அதற்கும் இடம் ஒதுக்குவேன். ஆட்டுனைட்டுக்கு ஒதுக்க மாட்டேன்.