ஹாப்ஸ்: ஷிப்ட் வேலைக்காரியின் பகல் தூக்கத்துக்கு எவ்வளவு உதவியது?

பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒருத்தர் பாலில் ஜாதிக்காய் உரைத்துக் குடிப்பார். இன்னொருத்தர் அமுக்கரா சூரணம் என்பார். மூன்றாமவர் சளி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். நான் சில வருடங்களாக ஹாப்ஸ் என்ற மூலிகைப் பூவைப் பயன்படுத்துகிறேன். இரவு வேலை முடிந்து, கம்பெனி பஸ்ஸில் பாலம் தாண்டி பிறைக்கு வந்து, பசியாறிவிட்டுப் படுக்கும்போது வெயில் ஜன்னலுக்கு வந்திருக்கும். உடம்பு அசந்து கிடக்கும். மனசு மட்டும் மெஷின் பக்கத்திலிருந்து நகராது. அந்த நேரத்துக்கு இது எவ்வளவு உதவுகிறது, எங்கே உதவவில்லை என்று எழுதுகிறேன்.

"அது பியர்ல போடுறதாச்சே அக்கா?" என்று எல்லோரும் கேட்பார்கள். அதேதான். பியருக்குக் கசப்பும் மணமும் கொடுப்பது இந்தக் கொடியின் பெண் பூங்கொத்து. ஆனால் காய்ந்த பூவில் மது கிடையாது. சொட்டு மருந்தாக டிங்சர் வாங்கினால் மட்டும் கவனியுங்கள். அது பெரும்பாலும் ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்தது. இன்னொரு பயமும் உண்டு. ஹாப்ஸ் கஞ்சாவின் தாவரக் குடும்பம் என்று எங்கோ படித்துவிட்டு என் கொழுந்தனார் பதறிப்போனார். கஞ்சா விஷயத்தில் நம் மலேசியச் சட்டத்துக்கு யார்தான் பதற மாட்டார்கள்? குடும்பம் ஒன்றுதான், சரக்கு வேறு. கஞ்சாவில் போதை தருகிற டிஎச்சி ஹாப்ஸில் இல்லை.

இது நம் ஊர் மூலிகையும் இல்லை. கோடையில் நீண்ட பகல் வேண்டும் என்பதால் பெரும்பாலும் 35 முதல் 55 பாகை அட்சரேகைக்குள்தான் விளைகிறது. ஜெர்மனியின் ஹாலர்டாவ், அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கு எல்லாம் பேர்போன இடங்கள். இந்தியாவில் இமாசலப் பிரதேசத்து லாகுல் பள்ளத்தாக்கில் பயிரிடுகிறார்கள். பினாங்குக்கு வருவதெல்லாம் காய்ந்த சரக்கு, இல்லையென்றால் மாத்திரை.

காய்ந்த பூவைத்தான் முதலில் வாங்கினேன். வெளிர்பச்சையில், காகிதம் மாதிரி மெல்லிய செதில்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு செதிலைப் பிய்த்துப் பார்த்தால் அடியில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும். லூப்புலின் என்பது அதுதான். கசப்பு, மணம், மருந்து எல்லாம் அதிலேதான். விரலில் பட்டால் பிசுபிசுக்கும், சோப்புப் போட்டும் கொஞ்ச நேரம் வாசம் போகாது. புதிய பூவில் புல்லும் எலுமிச்சையும் கலந்த நல்ல மணம். பழசானால் ஐசோவலெரிக் அமிலம் சேர்ந்துவிடும். வியர்த்த காலுறையில் நாறுவதும் அதே அமிலம்தான், அதனால் அந்த வாடை எப்படி இருக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. இணையக் கடை ஒன்று எனக்கு அனுப்பிய பொட்டலம் பழுப்பேறி, திறந்ததுமே அப்படி வீசியது. படம் எடுத்து அனுப்பினேன், பதிலே இல்லை. பூ பச்சையாக இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். வாங்கியதைக் காற்றுப் புகாமல் கட்டி ஐஸ் பெட்டியில் வையுங்கள். இந்த ஊர் ஈரத்தில் வெளியே வைத்தால் பூசணம்தான். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் 1787இல் ஹாப்ஸ் அடைத்த தலையணையில் படுத்தார் என்பார்கள். அவர் ஊர்க் குளிருக்கு அது சரி. பினாங்கில் அந்தத் தலையணை எத்தனை நாள் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்?

கஷாயம் போடும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நம்மவர்கள் சறுக்குகிற இடம் இது. மூலிகை என்றாலே நாலு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சுவது நம் பழக்கம். என் மாமியாரும் அடுப்பில் வைக்கத்தான் சொன்னார். ஹாப்ஸைக் கொதிக்கவிட்டால் அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பு ஏறும். பியர் காய்ச்சுகிறவர்கள் ஒரு மணி நேரம்வரை கொதிக்கவிடுவதே அதற்காகத்தான். மணமுள்ள எண்ணெயும் ஆவியாகப் போய்விடும். கொதித்த தண்ணீரை மேலே ஊற்றி, மூடி வைத்து, பத்து நிமிடத்தில் வடிகட்டுங்கள். தூக்கத்துக்கு ஐரோப்பிய அளவு அரையிலிருந்து ஒரு கிராம், படுப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். அரை கிராம் என்பது சில பூக்கள்தான். கைப்பிடி கைப்பிடியாகப் போட வேண்டாம். அப்படியும் கசக்கும். தேன் ஓரளவு உதவும். பால் ஊற்றினால் வாயில் வைக்க முடியாது.

சரி, தூக்கம் வந்ததா? இந்த ஹாப்ஸ் தேநீரை மட்டும் குடித்த காலத்தில் உடம்பு கொஞ்சம் தளர்ந்தது, அவ்வளவுதான். குடித்ததால் வந்ததா, குடித்துவிட்டுக் கைப்பேசியைத் தள்ளி வைத்ததால் வந்ததா என்று அடித்துச் சொல்ல முடியாது. வலேரியன் வேரும் ஹாப்ஸும் சேர்ந்த மாத்திரைக்கு மாறிய பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. (வலேரியன் நம் சடாமாஞ்சிலுக்கு உறவு. நாற்றத்தில் ஹாப்ஸுக்குச் சளைத்தது இல்லை.) போட்ட அன்றே அடித்துப்போட்ட மாதிரி தூக்கம் வரவில்லை. சில வாரம் போனபின், புரண்டு கிடக்கும் நேரம் குறைந்தது. நடுவில் பக்கத்து வீட்டுச் சத்தத்தில் விழித்தால் மறுபடி தூங்க வைக்க மட்டும் இதனால் முடியவில்லை. ஐரோப்பிய மருந்து முகமையும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. ஹாப்ஸ் தனியாக என்றால் நீண்ட காலப் பழக்கத்தை வைத்து மட்டும் ஏற்றிருக்கிறார்கள்; வலேரியனோடு சேர்ந்தால்தான் ஆய்வுச் சான்றை வைத்து ஏற்றிருக்கிறார்கள். ஸ்பெயினில் ஷிப்ட் பார்க்கும் 17 தாதியருக்கு இரவு உணவோடு ஆல்கஹால் இல்லாத பியர் கொடுத்து, தூக்கம் மேம்பட்டதாக 2012இல் எழுதினார்கள். அதைப் படித்துக் காட்டியதும் எங்கள் வீட்டுக்காரருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! 17 பேரை வைத்து நான் எதையும் நம்பத் தயாராக இல்லை.

மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் உடம்புச் சூட்டுக்கும் ஹாப்ஸ் நல்லது என்று விளம்பரம் செய்கிறார்கள். எனக்கும் அந்த வயது, அதனால் கவனித்தேன். திடீரென்று கழுத்திலிருந்து ஏறும் அந்தச் சூடு குறையவில்லை. 2006இல் வெளியான ஓர் ஆய்வில் ஆறாவது வாரத்தில் பலன் தெரிந்தது. பன்னிரண்டாவது வாரத்தில் வெற்று மாத்திரை போட்டவர்களுக்கும் இவர்களுக்கும் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. ஆனால் இந்த விளம்பரத்துக்குப் பின்னால் உண்மையான ஒரு பொருள் இருக்கிறது. அதன் பெயர் 8-பிரீனைல்நரிஞ்செனின். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போலவே வேலை செய்யும் தாவரப் பொருள்களில் மிக வலுவானவற்றில் ஒன்று. 'இயற்கைதானே' என்று அலட்சியமாக இருக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு அக்கா மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து, தினமும் தமோக்சிஃபென் போடுகிறார். என் மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ரெண்டு கொடேன்" என்றார். கொடுக்கவில்லை. ஈஸ்ட்ரோஜனைத் தடுக்க ஒரு மருந்து போட்டுக்கொண்டு, ஈஸ்ட்ரோஜன் போலவே வேலை செய்யும் பூவையும் சாப்பிடுவதா? டாக்டரிடம் கேளுங்கள் அக்கா என்றேன். அவர் முகம் வாடியதுதான், அதற்காகக் கொடுத்துவிட முடியுமா? மார்பகம், கருப்பையில் ஈஸ்ட்ரோஜன் சம்பந்தப்பட்ட நோய் இருந்தவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் இதைத் தொட வேண்டாம். மனச்சோர்வுக்குச் சிகிச்சையில் இருப்பவர்களும் தவிர்ப்பது நல்லது. ஹாப்ஸ் சோகத்தைக் கூட்டும் என்ற பேச்சு ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக இருக்கிறது. தூக்க மாத்திரையோடும் மதுவோடும் சேரவே கூடாது. சளிக்கு பிரிட்டான் போடுகிற நாளில் நான் ஹாப்ஸை விட்டுவிடுவேன், அதுவும் தூக்கம் தருகிற மருந்துதான். போட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் எடுக்காதீர்கள். அறுவை சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு மருத்துவரிடமும் சொல்லுங்கள். சிலருக்குப் பூவைத் தொட்டால் தோல் அரிக்கும். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. வீட்டில் நாய் இருந்தால் வடிகட்டிய சக்கையைக்கூட எட்டும் இடத்தில் போடாதீர்கள். நாய் தின்றால் உடல் சூடு கண்டபடி ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாத்திரை வாங்கும்போது டப்பாவில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணையும் ஹாலோகிராம் ஸ்டிக்கரையும் பாருங்கள். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டுப் பார்த்தால் பதிவான பொருளா என்று தெரிந்துவிடும். பார்மசியில் வாங்கினால் இன்னொரு வசதி, நீங்கள் போடும் மற்ற மருந்துகளையும் அங்கேயே காட்டிக் கேட்கலாம். எனக்கு இப்போது இரவு ஷிப்ட் வரும் காலத்தில் மட்டும் மாத்திரை. பகல் ஷிப்டில் ஒன்றும் வேண்டியதில்லை. தேநீரை விட்டுவிட்டேன். மிச்சமிருந்த பூவைக் கொழுந்தனார் கேட்டார். பியர் காய்ச்சிப் பார்க்கப் போகிறாராம். கொடுக்கவில்லை.