தோட்டத்து வீட்டுக் கதவுகளை உறுதிப்படுத்திய பட்டறை: எட்டு மாத அனுபவம்

காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில், தார்ச்சாலையை விட்டு இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதையில்) முக்கால் கிலோமீட்டர் உள்ளே போனால் வருகிற தோட்டத்துச் சாளையில் என் அப்பாவும் அம்மாவும் மட்டுமே இருக்கிறார்கள். அப்பாவுக்கு வயது 74, அம்மாவுக்கு 69. சென்ற ஆவணியில் அந்த வீட்டின் முன்கதவு, பொடக்காளிக் கதவு (கொல்லைப்புறக் கதவு), திண்ணைக் கம்பிக் கதவு ஆகிய மூன்றையும் எளிதில் உடைத்துத் திறக்க முடியாதபடி வலுப்படுத்தும் வேலையை ஈரோட்டுப் பக்கத்துப் பட்டறை ஒன்றிடம் ஒப்படைத்தோம். ஓர் ஐப்பசி மழையையும் ஒரு பங்குனி வெயிலையும் அந்தக் கதவுகள் தாண்டிவிட்டதால், இப்போது அந்த வேலையைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். பட்டறையின் பெயரை எழுத வேண்டாம் என்று அதை நடத்துபவரே கேட்டுக்கொண்டார். எந்த வீட்டில் எந்த இடத்தில் என்ன தாழ் இருக்கிறது என்பது தமக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்று அவர் கருதுகிறார். அது சரியான எண்ணம் என்று எனக்கும் பட்டது.

இந்த வேலைக்கு ஏன் இறங்கினோம் என்பதை நம் பக்கத்தில் உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2024 நவம்பரில் பல்லடத்துக்கு அருகே தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் மூவரும் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு சிவகிரிக்கு அருகே தோட்டத்து வீட்டில் தனித்திருந்த முதிய தம்பதியர் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்திகளைப் படித்த பிறகு, பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் பெங்களூரிலும் இருக்க, பெற்றோர் மட்டும் தோட்டத்தில் இருக்கும் குடும்பங்களில் நிம்மதியாக உறங்கியவர்கள் குறைவு. ஊருக்குள் வந்துவிடும்படி நாங்கள் கேட்டோம். மாட்டையும் தென்னையையும் விட்டுவிட்டு வர மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். எனவே, அவர் இருக்கும் இடத்தையாவது பலப்படுத்துவது என்று முடிவு செய்தோம்.

பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். மரவேலைக் குடும்பத்தில் பிறந்து, பிறகு இரும்பு வேலையும் கற்றுக்கொண்டவர். முதல் நாள் அளவெடுக்க வந்தவர் கையில் விலைப்பட்டியலோ படப்புத்தகமோ இல்லை. ஒரு டார்ச் விளக்கும் ஒரு திருப்புளியும் மட்டுமே இருந்தன. நான் முன்கதவைக் காட்டப் போனேன். அவரோ வீட்டைச் சுற்றிக்கொண்டு நேராகப் பொடக்காளிப் பக்கம் போனார். திருட வருகிறவன் விருந்தாளியைப் போல முன்வாசலுக்கு வருவதில்லை என்பதால், சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத கதவைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார். நாங்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன் முன்கதவுக்கு வார்னிஷ் அடித்துப் பித்தளைக் குமிழ்களும் போட்டிருந்தோம். சமையலறைப் பின்கதவையோ வீடு கட்டிய 1986ஆம் ஆண்டிலிருந்து தொட்டதே இல்லை.

பின்கதவைப் பார்த்துவிட்டு அவர் முன்பக்கம் வந்தார். முன்கதவு தேக்கில் செய்த இரட்டைக் கதவு. அதைப் பற்றி எங்களுக்குப் பெருமையும் உண்டு. அவர் அதன் இடப்பக்கக் கதவின் அடித்தாழைத் திறந்து, அது இறங்கும் தரைக்குழியைத் திருப்புளியால் குத்திக் காட்டினார். நாற்பது ஆண்டுகளாகக் கூட்டித் தள்ளிய மண் அந்தக் குழியில் கல்லாக இறுகிக் கிடந்தது. இரண்டு அங்குலம் இறங்க வேண்டிய தாழ் கால் அங்குலம்தான் இறங்கிக்கொண்டிருந்தது. இரட்டைக் கதவில் வலப்பக்கக் கதவைப் பூட்டுவது இடப்பக்கக் கதவோடுதான் என்பதால், இடப்பக்கக் கதவு அசைந்தால் எவ்வளவு விலை உயர்ந்த பூட்டும் அதோடு சேர்ந்தே உள்ளே போய்விடும். அடுத்து, பூட்டின் நாக்கு நுழையும் தகட்டைக் கழற்றி, அதைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிகளை என் உள்ளங்கையில் வைத்தார். ஒவ்வொன்றும் முக்கால் அங்குலம் இருக்கும். "ஏனுங் அம்மிணி, கதவு நல்ல தேக்குதானுங்க. ஆனா ராத்திரில இந்த வீட்டப் புடிச்சுட்டு இருக்கறது இது ரெண்டுதானுங்க" என்றார். அன்று மாலை திருப்பூர் திரும்பும் வரை அந்த இரண்டு திருகாணிகளும் என் கைப்பையில்தான் இருந்தன.

மூன்றாவதாக அவர் பார்த்தது நிலவு. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கதவைத் தாங்கும் சட்டத்தை, மற்ற ஊர்களில் நிலை என்பதை, நாங்கள் நிலவு என்போம். நிலவைச் சுவரோடு பிணைக்க, அதன் முதுகில் இரும்புப் பட்டைகளைத் திருகி, மறுமுனையைச் செங்கற்கட்டுக்குள் கான்கிரீட் வைத்துப் புதைப்பது வழக்கம். பக்கத்துக்கு மூன்று பட்டைகள் வேண்டும். எங்கள் வீட்டில் பூட்டுப் பக்கத்தில் இரண்டுதான் இருந்தன, அவற்றுள் ஒன்று துருப்பிடித்து அற்றிருந்தது. கதவைச் சாத்தி அவர் தோளால் அழுத்தியபோது, நிலவுக்கும் பூச்சுக்கும் இடையில் ஒரு மயிரிழை திறந்து மூடியது. இத்தனை ஆண்டுகளாக அந்த விரிசலை நாங்கள் பூச்சுக் குறை என்றே நினைத்திருந்தோம்.

வேலையில் மிகுந்த அக்கறை தெரிந்த இடமும் இந்த நிலவுதான். நிலவின் ஊடாகத் துளையிட்டு, ஆறு அங்குல ஆணிக்கம்பிகளைச் சுவருக்குள் இறக்கினார்கள்; பூட்டு இருக்கும் உயரத்தில் நெருக்கமாகவும் மற்ற இடங்களில் அகலமாகவும் இடைவெளி விட்டார்கள். முறுக்கும்போது விரிந்து பிடிக்கும் சாதாரண ஆங்கர் போல்ட் பழைய செங்கல்லைப் பிளந்துவிடக்கூடும் என்பதால், துளையைத் தூசி போக ஊதி, ரசாயனப் பசையைச் செலுத்தி, அதில் கம்பிகளை இறக்கினார்கள். பசை இறுகும் வரை கதவில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லி, அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் செய்யாமல் போய்விட்டார்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் முடித்திருந்தால் எனக்கு அன்று மகிழ்ச்சியாக இருந்திருக்கும், வேலைதான் கெட்டிருக்கும்.

பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் கதவுக்குப் பின்னால் குறுக்கே மரக்கட்டை போட்டு, இரு முனைகளையும் சுவர்ப் பொந்துகளில் செருகி வைத்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். எங்கள் அப்பாருவின் (தாத்தாவின்) வீட்டிலும் அது இருந்தது. அதையே இரும்பில் செய்து தந்திருக்கிறார். நாற்பது மில்லிமீட்டர் சதுரக் குழாய் ஒன்று இரண்டு கதவுகளுக்கும் குறுக்கே விழுகிறது. அதைத் தாங்கும் கொக்கிகள் நிலவில் அல்லாமல் சுவரிலேயே பதிந்திருப்பதால், வெளியிலிருந்து வரும் தள்ளு முழுவதும் சுவருக்குப் போய்விடுகிறது. குழாயின் எடை ஏறத்தாழ மூன்று கிலோ. தோள்வலி உள்ள அம்மாவால் தினமும் அதைத் தூக்கி வைக்க முடியாது என்பதை, நாங்கள் சொல்லாமலேயே, அம்மா ஆசாரத்தில் (கூடத்தில்) விளக்கேற்றக் கை உயர்த்தியதைப் பார்த்து அவர் தெரிந்துகொண்டார். அதனால் குழாயின் ஒரு முனையைச் சுவரில் சுழலும்படி மாட்டிவிட்டார். இரவில் அம்மா அதைச் சாய்த்துவிட்டால் போதும். காலையில் ஒரு கையால் மேலே தள்ளினால் சுவரோடு நின்றுகொள்ளும். தீப்பிடித்தாலோ உடம்புக்கு முடியாமல் போனாலோ சாவி தேடாமல் வெளியே போக முடிய வேண்டும் என்பதால், உட்புறத்தில் எந்த இடத்திலும் பூட்டுப் போட அவர் சம்மதிக்கவில்லை. நான் கேட்டும் மறுத்துவிட்டார், அது மிகச் சரியான மறுப்பு.

பின்கதவைத் திருத்துவதில் பொருளில்லை என்று அதை முழுவதும் மாற்றினார்கள். இருந்தது ஈரத்தில் அடிப்பகுதி உப்பிய பிளஷ் கதவு. நிலவின் கால்களைக் கரையான் அரித்திருந்தது. புதியது முழு மரக்கதவு, வெளிமுகத்தில் பதினாறு கேஜ் இரும்புத் தகடு போர்த்தியது. அந்தக் கதவு பொடக்காளிப் பக்கமாகத் திறப்பதால் கீல்கள் வெளியே இருந்தன. கீலின் நடு ஆணியைத் தட்டி எடுத்துவிட்டால், பூட்டைத் தொடாமலேயே கதவைப் பெயர்த்துவிடலாம். இதற்காகக் கீல் பக்கத்து விளிம்பில் மூன்று இரும்புக் குமிழ்களை வைத்து, கதவு சாத்தும்போது அவை நிலவில் உள்ள துளைகளுக்குள் போகும்படி செய்திருக்கிறார். இப்போது கீலையே அறுத்தாலும் கதவு அந்தப் பக்கம் கழன்று வராது. செலவு குறைவான இந்தச் சிறு ஏற்பாட்டை வெளிப்பக்கம் திறக்கும் கதவு உள்ள எல்லோரும் கேட்டு வாங்க வேண்டும்.

திண்ணைக் கம்பிக் கதவில் தொங்கியது அப்பாருவின் காலத்துத் திண்டுக்கல் பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கைவேலையின் தரத்துக்கு எங்கள் பூட்டும் சாட்சி, இன்னும் வழவழப்பாகத் திறக்கிறது. ஆனால் அது தொங்கிய நாதாங்கியை மெல்லிய பற்றவைப்பு ஒன்றே பிடித்திருந்தது. பூட்டை அவர் மாற்றவில்லை. நாதாங்கியைக் கனமான தகட்டில் செய்து, வெளியே வழுக்கைத் தலையும் உள்ளே மரையும் வரும்படி போல்ட் போட்டு, பூட்டின் வளைவை வெட்டும் கருவி எட்டாதபடி சுற்றிலும் ஓர் இரும்புக் கூடு பற்றவைத்துத் தந்தார்.

விரல்ரேகையில் திறக்கும் மின்னணுப் பூட்டு ஒன்றை வாங்கிவிடுவது என்றே நான் முதலில் நினைத்திருந்தேன். விற்றால் அவருக்கும் லாபம் கிடைத்திருக்கும். நிலவு உறுதியாக இல்லாத வரை அது வீண் செலவு என்றும், நிலவு உறுதியானால் நெம்புகோல் அமைப்புள்ள நல்ல சாவிப்பூட்டே போதும் என்றும் சொல்லிவிட்டார். உடைக்கவே முடியாத கதவு என்று எதையும் யாரும் செய்து தர முடியாது, நேரத்தைத்தான் வாங்கித் தர முடியும் என்றும் சொன்னார். ஐரோப்பாவில் கதவுகளைத் தரம் பிரிக்கும் ஈ.என். 1627 என்ற நெறிமுறையும் இந்தக் கணக்கைத்தான் பார்க்கிறது: ஆர்.சி. 2 வகுப்புக் கதவு எளிய கருவிகளுக்கு மூன்று நிமிடங்களும், ஆர்.சி. 3 வகுப்புக் கதவு கடப்பாரைக்கு ஐந்து நிமிடங்களும் தாக்குப்பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கதவை யாரும் அப்படிச் சோதித்ததில்லை, அதற்குச் சான்றிதழும் இல்லை. ஆனால் பங்காளி வீடு முந்நூறு மீட்டரில் இருக்கிறது. போன் செய்தால் சித்தப்பாவும் அவர் மகனும் மொபெட்டில் வர மூன்று நிமிடங்கள் ஆகும். முந்தைய கதவு அதுவரை நின்றிருக்காது. இந்தக் கதவு நிற்கும் என்று நம்புகிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆவணி முதல் வாரம் வருவதாகச் சொன்னவர்கள் பதினொரு நாள் தாமதமாக வந்தார்கள், அதையும் நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். துளையிட்டபோது கிளம்பிய தூசியில் ஆசாரத்தில் இருந்த சாமி படங்கள் உட்பட எல்லாம் மூழ்கின; துணி போட்டு மூடும்படி முன்பே சொல்லியிருக்கலாம். இவற்றைவிடப் பெரிய குறை ஐப்பசியில் தெரிந்தது. நான்கு நாள் அடைமழையில் புதிய பின்கதவு உப்பி, மேல்தாழ் தன் துளைக்கு நேராக வராமல் போய்விட்டது. போன் செய்த நான்காம் நாள்தான் வந்தார்கள். அதுவரை அந்தக் கதவு கீழ்த்தாழ் ஒன்றோடு மட்டும் இருந்தது. மரத்தின் வெட்டுமுனை வழியாகத்தான் ஈரம் அதிகம் ஏறும் என்பது மரவேலை தெரிந்த எவருக்கும் தெரியும். கதவின் தலையிலும் அடியிலும் பூச்சுக் கொடுக்காமல் மாட்டியது அவர்களுடைய கவனக்குறைவு. வந்த அன்று இழைத்து, இரு முனைகளுக்கும் பூச்சுக் கொடுத்து, பணம் வாங்காமல் சரிசெய்தார்கள். அதன் பிறகு தொந்தரவில்லை.

மொத்தச் செலவு 41,300 ரூபாய். பின்கதவுக்கு 17,500, முன்கதவு நிலவுக்கும் குறுக்குத் தாழுக்கும் 13,800, கம்பிக் கதவுக்கு 6,200, வண்டி வாடகையும் பூச்சு வேலையுமாக 3,800. இந்தக் கணக்கை நான் கேட்டு எழுதி வாங்கினேன். அவராகத் தந்தது ஒரே தொகைதான். உங்கள் வேலைக்கு முன்கூட்டியே பிரித்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கதவைப் பூட்டி உள்ளே இருப்பவர்களைத்தான் எந்தத் தாழும் காக்கும். நாய் குரைத்தால் டார்ச்சோடு கதவைத் திறந்துகொண்டு மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் போவது அப்பாவின் நாற்பதாண்டுப் பழக்கம். சித்திரை வந்தால் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுப்பது அதைவிடப் பழையது. வேலை முடிந்த அன்று பட்டறைக்காரர் அப்பாவை உட்காரவைத்து, "ஏனுங்ணா, நாய் கொரச்சா மொதல்ல லைட்டப் போடுங்க, அப்பறம் போனப் போடுங்க. கதவ மட்டும் தொறக்காதீங்க" என்று மூன்று முறை சொன்னார். வாசல், கட்டுத்தரை, கிணற்றடி ஆகிய மூன்று விளக்குகளுக்கும் சுவிட்சைப் படுக்கையறைக்குள் கொண்டுவரும்படி எங்களிடம் சொல்லி, மின்பணியாளர் வந்தபோது போனில் இடத்தையும் குறித்துத் தந்தார். இந்தச் சித்திரையில் அப்பாவின் கட்டில் கம்பிக் கதவுக்கு உள்ளே திண்ணையில் கிடக்கிறது. காற்று வரவில்லை என்று முறையிடுகிறார், ஆனாலும் அங்கேயே படுக்கிறார்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சமையலறைக்கு மேலே ஓட்டுக்கூரை; கதவுகள் கெட்டியான பிறகு, ஓட்டைப் பிரித்து இறங்குவதுதான் எளிய வழியாக மிஞ்சும் என்று அவரே காட்டினார். ஓட்டுக்குக் கீழே, அதைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களோடு பிணைத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பியில் ஆறங்குலக் கட்டமாக வலை அடிக்க வேண்டுமாம். ஆனி மாதக் காற்றில் எப்படியும் சில ஓடுகளை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், வைகாசி கடைசி வாரத்துக்கு அவரிடம் நாள் குறித்து வாங்கியிருக்கிறோம். இம்முறை தேதியை எழுதி, 5,000 ரூபாய் முன்பணமும் கொடுத்திருக்கிறேன்.