இ-சலான்: உடனே கட்டுவதா, நீதிமன்றம் போவதா?

போக்குவரத்து விதிமீறலுக்கு இ-சலான் (மின்னணு அபராத ரசீது) வந்திருந்தால், பணம் கட்டுமுன் அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் விதிமீறலின் புகைப்படத்தைப் பாருங்கள். சலான் எண் இல்லாவிட்டால் வாகன எண்ணும், எஞ்சின் அல்லது சேசிஸ் எண்ணின் கடைசி 5 இலக்கங்களும் போதும். குறுஞ்செய்தி லிங்க்கையோ ஏபிகே கோப்பையோ (செயலியை நிறுவும் கோப்பு) தொடவே கூடாது.

தவறு உங்களுடையதுதான் என்றால் ஆன்லைனில் கட்டுவதே சுலபம். பணம் போயும் சலான் ‘பெண்டிங்’ என்றே காட்டினால் மறுபடி கட்டாதீர்கள். அதே தளத்தில் பரிவர்த்தனை நிலையைச் சரிபார்த்துவிட்டு ரசீதை இறக்கி வையுங்கள்.

படத்தில் இருப்பது வேறு வண்டி, அல்லது நம்பர் தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது என்றால் கட்டவே வேண்டாம். கட்டினால் அந்தக் குற்றம் உங்கள் கணக்கில் ஏறும்; அடுத்த முறை ‘இரண்டாவது குற்றம்’ ஆகிவிடும். ஆர்சி (வண்டிப் பதிவுச் சான்று) நகல், வண்டியின் படத்தோடு ஆட்சேபம் தெரிவியுங்கள், தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் வாதிடுங்கள். அலைச்சல்தான், ஆனாலும் செய்யத் தக்கது. குடித்துவிட்டு ஓட்டிய வழக்கில் இந்தத் தேர்வே கிடையாது, நீதிமன்றம்தான்: முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பலர் ஏமாறும் இடம் லைசென்ஸ். அபராதம் கட்டினால் எல்லாம் முடிந்தது என்பது தவறு. அதிவேகம், ஆபத்தான ஓட்டம், ஹெல்மெட் இல்லாமை, டூவீலரில் மூவர் போன்றவற்றில், கட்டிய பிறகும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 206(4) பிரிவில் உரிமத்தைப் போலீசார் ஆர்டிஓவுக்கு (வட்டாரப் போக்குவரத்து அலுவலர்) அனுப்பலாம். ஹெல்மெட்டுக்கு 3 மாதத் தகுதியிழப்பை (வண்டி ஓட்டத் தடை) சட்டமே சொல்கிறது. ஆர்டிஓ உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தடைக்காலத்தில் ஓட்டிச் சிக்கினால் 10,000 ரூபாய் அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ.