ஒரே பெயர், இரண்டு பதிவு: இணைப்பதா, விட்டுவைப்பதா?

இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ, வம்சாவளி தேடப் போனால் மூன்றாம் தலைமுறையிலேயே இந்தச் சிக்கல் வந்துவிடும். இணையத்து வம்சாவளித் தளங்களில் ஒரே பெயர், ஒரே ஊர், பிறந்த ஆண்டில் மட்டும் ஒன்றிரண்டு வருட வித்தியாசத்தோடு இரண்டு பதிவுகள் கிடக்கும். இரண்டையும் ஒருவராக இணைக்கலாம், இணைக்காமல் குறிப்பெழுதி வைக்கலாம், வேறு வேறு ஆட்கள் என்று முடித்தும் விடலாம்.

பெரும்பாலானோர் முதலில் தொடுவது இணைப்புப் பொத்தானைத்தான். ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் குடும்பங்களில் அதற்கு நல்ல நியாயமும் உண்டு. மட்டக்களப்புக் கோட்டை 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தருக்கும் 1795இல் ஆங்கிலேயருக்கும் கைமாறியது. ஏடெழுதியவர்களின் மொழியும் கூடவே மாறியது. கத்தோலிக்கக் கோயில் ஏட்டில் லத்தீனில் யொவான்னஸ் ஆனவர் பதிவாளரிடம் ஜோன் ஆகியிருப்பார். 1867இல் குடியியல் பதிவு வந்த பிறகு தேதிக் குழப்பமும் சேர்ந்தது: கோயில் ஏட்டில் திருமுழுக்கு நாள் இருக்கும், அரசாங்கப் பதிவில் பிறந்த நாள் இருக்கும். திருமுழுக்கு நாளையே பிறந்த நாளாக யாரோ தட்டச்சு செய்தால் ஒருவர் இருவராகிவிடுவார். பெற்றோர், ஞானப்பெற்றோர், வாழ்க்கைத்துணை மூன்றும் ஒத்துவந்தால் தாராளமாக இணைக்கலாம்.

பெற்றோர் பெயரை மட்டும் நம்பினால்தான் ஆபத்து. குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறந்ததற்கு அதே பெயரை வைப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். இறப்புப் பதிவைப் பார்க்காமல் இணைத்தால் செத்த பிள்ளைக்குக் கல்யாணம் முடித்து வைத்துவிடுவீர்கள். ஃபேமிலிசேர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் மாற்ற வரலாற்றிலிருந்து பழைய பதிவை மீட்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அது எல்லாருக்கும் பொதுவான மரம். இணைப்புக்குப் பிறகு நாலு பேர் பிள்ளைகளையும் மனைவியையும் சேர்த்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

அதனால் தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. பேரனுக்குப் பாட்டன் பெயர் வரும், குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. பெயரோடு ‘போடி’ என்ற பட்டம் ஒரு காணி உறுதியில் (நிலப் பத்திரத்தில்) இருக்கும், இன்னொன்றில் இருக்காது. பெயரையும் ஊரையும் வைத்து இங்கே ஒன்றும் தீர்மானிக்க முடியாது. விக்கிட்ரீ என்ற இன்னொரு தளத்தில் இதற்கென்றே வசதி இருக்கிறது: இரண்டு பதிவையும் ‘இன்னும் இணைக்காத பொருத்தம்’ என்று தொடுத்து வைக்கலாம். பின்னால் வருகிறவருக்குச் சந்தேகமும் தெரியும், சான்று எங்கே நிற்கிறது என்பதும் தெரியும். மரம் அழகாக இருக்காதுதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாவது வழியில், வேறு ஆட்கள் என்று அடித்துச் சொல்ல, நம்மிடம் மற்ற ஊர்க்காரருக்கு இல்லாத ஓர் ஆயுதம் உண்டு: குடி, அதாவது குலம். அது தாய்வழி வருவது, கல்யாணத்தால் மாறாது. ஒரே பெயர்க்காரர் இருவரில் ஒருவர் காலிங்கா குடி, மற்றவர் உலகிப்போடி குடி என்று உறுதியானால் பேச்சு முடிந்தது. கோயில் உரிமையும் பள்ளிவாசல் மரைக்காயர் (நிர்வாகி) பொறுப்பும் குடிவழி வந்த ஊர்களில் வயதானவர்களிடம் கேட்டாலே இந்த விவரம் கிடைக்கும். பறங்கியருக்கு மட்டும் இது உதவாது.

ஆனால் இந்தச் சோதனை ஒருபக்கம்தான் வெட்டும். குடி வேறானால் ஆள் வேறு. குடி ஒன்றானால் ஆள் ஒன்று என்று ஆகாது. ஒரே குடிக்குள் கல்யாணம் செய்வதில்லை என்பதால் தகப்பனும் மகனும் ஒரே குடியாக இருப்பதில்லை. ஆனால் இரண்டு குடிகள் தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்து எடுத்தால் பாட்டனின் குடியே பேரனுக்குத் திரும்பி வந்துவிடும். பெயரும் பாட்டனுடையதுதானே! அந்த இடத்தில் குடி ஒத்துப்போகிறது என்று இணைத்தால் இரண்டு தலைமுறை ஓர் ஆளாகிவிடும். அங்கே மனைவி பெயரும் காணி உறுதியின் ஆண்டும்தான் கைகொடுக்கும்.

இந்தத் தளங்களில் குடி என்ற பெயரில் தனிக் கட்டம் இல்லை. வாழ்க்கை வரலாற்றுப் பகுதியிலோ குறிப்பிலோ எழுதிவிடுங்கள், தாயின் பெயரையும் யார் சொன்னார் என்பதையும் சேர்த்து.